மொட்டைமாடி உத்தியோகம்

செம்பட்டி முக்கில் நின்றால் எந்தப் பக்கத்துக்கும் பஸ் கிடைக்கும். திண்டுக்கல்லுக்கு ஒன்று, நிலக்கோட்டை வழியாக மதுரைக்கு ஒன்று, வத்தலக்குண்டு வழியாகத் தேனிக்கு, ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு. தைப்பூசம் வந்தால் பஸ்ஸே வேண்டாமென்று பாதயாத்திரைக் கூட்டம் வேறு சாரை சாரையாக ஊரைத் தாண்டிப் போகும். திசை விஷயத்தில் இவ்வளவு தாராளமான ஊருக்கு டெலிவிஷன் மட்டும் ஒரே திசையிலிருந்துதான் வந்தது. மேற்கே, கொடைக்கானலிலிருந்து.

அந்த மேற்கைப் பிடித்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. மேற்கு எது என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்பீர்கள். அது சூரியன் மறைகிற மேற்கு. ஏரியலுக்கு வேண்டிய மேற்கு வேறு. திங்கட்கிழமை அது பண்ணைக்காட்டுப் பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் ஆரம்பிக்கிற நேரத்தில் ஆடலூர்ப் பக்கம் நகர்ந்துவிட்டிருக்கும். ஒரு காக்காய் உட்கார்ந்து எழுந்தால் விரற்கடை அளவு மாறும். ஆடிக் காற்று ஒரு ராத்திரி அடித்து ஓய்ந்தால் விடிகாலையில் ஏரியல் பழனியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்.

ஆள் ஏற்பாடு இப்படி: நான் மொட்டைமாடியில் குழாயைப் பிடித்தபடி. என் வீட்டுக்காரி கொல்லையில் அண்ணாந்து பார்த்தபடி. மச்சினன் உள்ளே, பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டபடி. நான் மேலிருந்து “வருதா?” என்பேன். அவள் உள்ளே திரும்பி “வருதாடா?” என்பாள். அவன் “இப்ப வருது” என்பான். அந்த “இப்ப வருது” கொல்லை வழியாக மாடி ஏறி என்னிடம் வந்து சேர்வதற்குள் நான் இன்னும் அரைச் சாண் திருப்பியிருப்பேன். “வருதாம்” என்று தகவல் கிடைக்கிறபோது உள்ளே படம் போயிருக்கும். வெற்றி வீரனாக இறங்கி வந்து பார்த்தால் திரை முழுக்கக் கொசு. இதில் குற்றவாளி யார் என்பதற்கு எங்கள் வீட்டில் இன்றைய தேதிவரை தீர்ப்பாகவில்லை. வாய்தாதான்.

சில நாளில் இன்னொரு வேடிக்கை. நான் குழாயைப் பிடித்திருக்கும் வரை படம் கண்ணாடியாக இருக்கும்; கையை எடுத்தால் போய்விடும். என் உடம்பிலும் ஏதோ ஈயமோ பித்தளையோ கலந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. “ஏங்க, அப்படியே புடிச்சுக்கிட்டு நில்லுங்க, நாலு பாட்டுதான்” என்று கீழேயிருந்து உத்தரவு வரும். நிற்பேன். தெருவே என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கமலையும் ரஜினியையும் பார்த்துக்கொண்டிருக்க, வீட்டுச் சொந்தக்காரன் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒலியும் ஒளியும் நிகழ்ச்சியில் ஒலி மட்டும் என் பங்கு.

சரித்திரம் தெரியாமல் சிரிக்கக் கூடாது. தில்லியில் இந்த ஒளிபரப்பு சோதனையாக ஆரம்பித்தது 1959 செப்டம்பர் 15. மதுரையிலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் உருவானது 1985 செப்டம்பர் 15. ஆக, தூர்தர்ஷனுக்கும் எங்கள் மாவட்டத்துக்கும் ஒரே பிறந்த நாள், அண்ணாவுக்கும் அதுவேதான். இந்தப் பொருத்தத்தை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதுவரை யாரும் அசந்துபோனதாகத் தெரியவில்லை. சென்னையில் நிலையம் வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதன் அலை சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாது. அதனால் எங்களுக்குப் பல வருஷம் டிவி என்பது, சென்னைக்குப் போய்வந்த மாமா சொல்கிற கதை. 1983 ஆகஸ்ட் 30 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தில் ஏறிப்போன இன்சாட்-1பி மேலே நிலைகொண்ட பிறகுதான் நாடு முழுக்கக் கோபுரங்கள் முளைத்தன. எங்களுக்கு வாய்த்தது கொடைக்கானல் கோபுரம். ஏழாயிரம் அடி உயரத்து மலை. இந்த அலை நேர்கோட்டில் போகிற ஜாதி; கோபுரத்தின் கண்ணுக்கு உங்கள் வீட்டு ஏரியல் தட்டுப்பட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. மலை உச்சியில் நிற்கிறவன் கண்ணுக்குச் சமவெளியில் எத்தனை மாவட்டம் தெரியுமோ அத்தனைக்கும் படம் போகும். செம்பட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காக்காய் பறக்கிற கணக்கில் நாற்பது கிலோமீட்டர்தான். பஸ்ஸில் வத்தலக்குண்டு, காட்ரோடு என்று சுற்றிப் போனால் இரண்டு மடங்கு. படம் நேர்வழியில்தான் வந்தது. என்றாலும் நடுவில் நிற்கிற மலைகளில் மோதி இன்னொரு நகலும் கூடவே வந்து சேரும். எங்கள் வீட்டில் செய்தி வாசித்தவர்கள் எல்லாரும் இரட்டைப் பிள்ளைகள். ஒருவர் முன்னால், இன்னொருவர் அரை அங்குலம் தள்ளி நிழலாக.

பெட்டி வந்த கதைக்கு வருகிறேன். அன்றைக்குச் சாலிடேர், டயனோரா என்றால் நாடறிந்த பெயர்கள். எங்கள் வீட்டுப் பெட்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அந்தக் கம்பெனிக்காரருக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள். திண்டுக்கல்லில் தவணைக்கு வாங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி. மரத்தில் கூடு, இருபுறமும் இழுத்து மூடுகிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. திண்டுக்கல்காரனிடம் பூட்டைக் காட்டலாமா? பூட்டைத்தான் முதலில் திறந்து மூடிப் பார்த்தேன், படத்தை அப்புறம்தான் பார்த்தேன். அந்தச் சாவி என் அரைஞாணில் ஏறியது. கல்யாணத்தில் போட்ட மோதிரம்கூட எனக்கு அந்தக் கம்பீரத்தைக் கொடுக்கவில்லை. சாயங்காலம் நான் வீட்டுக்கு வருகிற நேரத்தைத் தெருவே எதிர்பார்த்தது. சங்கத்து வேலை முடிந்து சைக்கிளை ஸ்டாண்டு போடும்போதே திண்ணையில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். எனக்காக எழுந்தார்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை என்றால் வாசலில் செருப்பு விடுகிற கூட்டம் கோயில் கொடைக்கு வந்த கூட்டம்தான். அதைப் பார்ப்பதில் எனக்கொரு தனிச் சுகம். உள்ளே போவதற்கு முன் ஒரு தடவை செருப்புகளைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் போவேன். எதிர்வீட்டில் டிவி வந்த மாதம் வாசலில் செருப்பு குறைந்தது. மறு வாரமே பூஸ்டர் வாங்கிப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஏரியல் குழாயை ஒரு ஆள் உயரம் கூட்டினார். நான் இரண்டு ஆள் உயரம் கூட்டினேன். அவர் வீட்டில் ஒரு சகலை எலக்ட்ரீசியன் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் தெருவில் நடந்துபோன பெரியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்து, “ஏப்பா, கொடைக்கானலுக்கு நீங்களே போயிட்டு வந்திரலாமே” என்றார்.

கலர் ஆசை வந்ததும் அந்தக் காலத்தில்தான். தில்லியில் 1982 சுதந்திர தினத்திலேயே கலர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குக் கலர் வந்தது திண்டுக்கல் சந்தையில், ஒரு கண்ணாடித்தாள் உருவத்தில். பெட்டிக்கு முன்னால் ஒட்டிவிட வேண்டும். மேலே நீலம், நடுவில் ஆரஞ்சு, கீழே பச்சை. வானமும் வயலும் வருகிற காட்சிக்கு அது அமர்க்களம். அதையே செய்திக்குப் போட்டால் வாசிக்கிற அம்மாவுக்குத் தலைமுடி நீலம், முகம் ஆரஞ்சு, புடவை பச்சை. அதற்கு முன்னால் செய்தி வாசிக்க ஷோபனா ரவி வந்தாலே எங்கள் கூடத்தில் பெண்கள் பக்கம் ஒரு விவாதம் நடக்கும். சின்னாளபட்டி கூப்பிடு தூரம். தறி பார்த்த கண்கள். “இது சுங்குடிதான்டி.” “சுங்குடிக்கு ஏது இந்தக் கரை?” அது சரி, ஆனால் அடுத்த சண்டைதான் ஆச்சரியம். “மாம்பழக் கலரு.” “இல்ல, அரக்கு.” கறுப்பு வெள்ளையில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நடுவர் தீர்ப்புக்கு என்னிடம் வருவார்கள். நான் திரையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து “ஊதா” என்பேன். இரண்டு கட்சியும் ஒன்றாகி என்மேல் பாயும். கண்ணாடித்தாள் ஒட்டியபிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது. எல்லாப் புடவையும் பச்சை. செய்தியையும் பெண்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். தாளைக் கிழித்துப் போடு என்று என் அம்மாவே சொன்னபிறகு பிய்த்தேன். ஒட்டிய பசை மட்டும் ஓரத்தில் கடைசிவரை இருந்தது.

மேற்கு சரியில்லாத நாளில் தென்கிழக்கு ஒன்று உண்டு. இலங்கையின் ரூபவாஹினி. 1982 பிப்ரவரியில் ஜப்பான்காரர்கள் உதவியோடு ஆரம்பித்தது. அவர்களும் நாட்டிலேயே உயரமான பீதுருதாலகால மலையில் கோபுரத்தை நட்டு வைத்திருந்தார்கள். வானம் ஒத்துழைத்த ராத்திரிகளில் கடல் தாண்டி எங்கள் தென்மாவட்டங்கள் வரை அது வந்து எட்டிப் பார்க்கும். கொடைக்கானல் வருவதற்கு முன்னால் தெற்கே பல ஊர்களில் முதன்முதலில் டிவி என்று பார்த்ததே இதைத்தான். எனக்கோ கொடைக்கானலோடு ரூபவாஹினியும் வேண்டும் என்ற பேராசை. மேற்கே இருப்பதைத் தென்கிழக்கே திருப்பினால் தெரிவது சிங்களச் செய்தியா, மழையா என்று சொல்ல முடியாது. “புத்தர் தெரியுறாரு மாமா!” என்று மச்சினன் கத்துவான். ஓடி வந்து பார்த்தால் அது கொடைக்கானலின் பாதி நிழல், யாரோ மந்திரி. மறுபடி மேற்கே திருப்பிவிட்டு இறங்குவதற்குள் நாடகம் முடிந்திருக்கும். இரண்டு நாட்டையும் ஒரே குழாயில் வைத்துச் சமாளிக்க முடியாது என்பதை அந்தச் சமயத்தில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் வேறு வழியில் தெரிந்துகொண்டிருந்தார்கள்.

“தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அறிவிப்பைப் பற்றி எல்லாரும் கேலியாகப் பேசுகிறார்கள். நான் பேச மாட்டேன். எனக்கு அது நற்சான்றிதழ். படம் திடீரென்று போனால் கூடத்தில் இருக்கிற அத்தனை தலையும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி மாடிப்படியில் கால் வைக்கிறபோது அந்த எழுத்து திரையில் வரும். அப்பாடா! கோளாறு என்னுடையது இல்லை, எழுத்துமூலமாகவே சொல்லிவிட்டார்கள். கொசு இல்லை, நிழல் இல்லை, ஒவ்வொரு எழுத்தும் கடைந்து வைத்ததாக நிற்கும். எங்கள் வீட்டில் அவ்வளவு துல்லியமாக வந்த நிகழ்ச்சி வேறு கிடையாது. “பாருங்க, எவ்வளவு தெளிவா வருதுன்னு!” என்பேன். “வந்து என்ன பண்ண?” என்பாள் என் வீட்டுக்காரி.

என் அப்பா வயலும் வாழ்வும் தவிர எதையும் பார்க்க மாட்டார். அதையும் சண்டைக்குத்தான் பார்ப்பார். ஒருவர் வந்து வாழைக்கு இத்தனை நாளுக்கு ஒரு தண்ணீர் என்பார். அப்பா பெட்டியைப் பார்த்து, “கெணத்துல தண்ணி இருக்கான்னு மொதல்ல கேக்க மாட்டியா?” என்பார். அவர் உரம் சொல்லுவார். “வெலயச் சொல்லு” என்பார் அப்பா. பேட்டி முடிந்து அந்த நிபுணர் வணக்கம் சொல்லும்போது அப்பாவும் கை கூப்புவார். சண்டை வேறு, மரியாதை வேறு. வானிலை அறிக்கையில் ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம் என்று சொன்னால் அவருக்கு முகமே மாறிவிடும். ஆத்தூர் அணைப் பக்கம் பார்த்துக் கையை நீட்டி, “இத்தன வருசமா சொல்றான், அந்த ஓரிரு இடத்துல நம்ம எடம் ஒரு நாளும் இல்லயே” என்பார். அதற்கும் ஏரியலைத் திருப்பினால் சரியாகுமா என்ற சந்தேகத்தோடு என்னைப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றும்.

எதிரொலி நிகழ்ச்சிக்குக் கடிதம் எழுதுகிற ஆசை எனக்கு உண்டு. பதினைந்து பைசா கார்டு. “செம்பட்டியிலிருந்து” என்று சென்னையில் ஒருவர் வாசிக்க வேண்டும், எதிர்வீட்டு எலக்ட்ரீசியன் சகலை அதைக் கேட்க வேண்டும். ஒரு தொடர் நாடகத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். கார்டில் இடம் குறைவு, எனக்குக் கருத்து அதிகம். அடித்து, திருத்தி, உயர்ந்த தமிழில் மாற்றி, மறுபடி எளிய தமிழுக்குக் கொண்டுவந்து, நல்ல கையெழுத்துக்காக மச்சினனிடம் கொடுத்து வாங்கியபோது அந்தத் தொடர் முடிந்துவிட்டிருந்தது. அடுத்த தொடருக்குப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று வைத்திருந்தேன். அந்தக் கார்டின் பின்பக்கத்தில் பால் கணக்கு ஏறிவிட்டது.

இனி என் மொழிபெயர்ப்புப் பணி. ராத்திரி ஆனால் தில்லிதான், இந்திதான். ஊரில் இந்தி தெரிந்தவன் நான் ஒருவன் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம், கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் பம்பாயில் ஒரு மளிகைக் கடையில் இருந்துவிட்டு வந்திருந்தேன். பருப்பு வகைகள், எடைகள், பாக்கி, “நாளைக்கு வா” ஆகியவை எனக்கு இந்தியில் அத்துப்படி. இவற்றை வைத்துக்கொண்டு ராமானந்த் சாகரின் ராமாயணத்தை, 1987 ஜனவரி 25 தொடங்கி மறு வருஷம் ஜூலை 31 வரை, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தமிழாக்கம் செய்தேன்.

ராமாயணம் எனக்குச் சிரமம் கொடுக்கவில்லை. கதை எல்லாருக்கும் தெரியும். ராமராக நடித்த அருண் கோவில் நீளமாக ஏதோ பேசி முடித்ததும், “அப்பா சொன்னா சரிங்கிறாரு” என்பேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மேலத்தெரு அப்பத்தா, “அதான் தெரியுமே, அவ என்ன சொல்றா?” என்று கைகேயியைக் காட்டுவாள். “முடியாதுங்கிறா.” “முடியாதுன்னுதான சொல்லுவா, பாவி.” நான் வாய் திறக்காவிட்டாலும் கதை நடந்திருக்கும். ஆனாலும் நான் சொன்னபிறகுதான் அப்பத்தா அழுவாள். ராவணன் ஆவேசமாக ஒரு வசனம் பேசி முடித்தபோது, அதில் ஒரு சொல் எனக்கு உண்மையாகவே புரிந்துவிட்டது. கடைப் பழக்கத்தில் “பாக்கி இருக்குங்கிறான்” என்றேன். அப்பத்தா கொஞ்சம் யோசித்துவிட்டு, “இருக்காதா பின்ன?” என்றாள்.

வம்பு வந்தது புனியாத் தொடரில். எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தபோதே அது பாதி ஓடியிருந்தது. முன்கதை யாருக்கும் தெரியாது என்பதால் எனக்குக் கைகள் கட்டவிழ்ந்தன. ரமேஷ் சிப்பி எடுத்தது. ‘ஷோலே’ எடுத்த அதே கை. பெரிய வீடு, பெரிய குடும்பம், பெரியவர் ஒருவர், எல்லாரும் எப்போது பார்த்தாலும் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். “என்னப்பா சங்கதி?” என்றார்கள். “பாகப்பிரிவினை. அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறு” என்றேன். ஆத்தூர் தாலுகாவில் அதைவிட நம்பத்தக்க கதை கிடையாது. உடனே கட்சி பிரிந்துவிட்டது. டெய்லர் மாமா பெரியவர் கட்சி, பால்காரர் சின்னவர் கட்சி. என் வீட்டுக்காரி எந்தக் கட்சியிலும் சேராமல், “கெணத்த எப்படிப் பிரிக்கப் போறாங்களாம்?” என்று சரியான கேள்வியைக் கேட்டாள்.

அடுத்தடுத்த வாரங்களில் லாகூர், லாகூர் என்று அடிக்கடி வந்தது. லாகூர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இது நாட்டுப் பிரிவினைக் கதை என்பதும் அப்போது உறைத்துவிட்டது. ஆனால் அண்ணன் தம்பித் தகராறு என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. டெய்லர் மாமாவும் பால்காரரும் அதன்பேரில் பேச்சுவார்த்தைகூட நிறுத்திவிட்டார்கள். இந்த நிலைமையில் பாகிஸ்தானை எப்படி நடுவில் கொண்டுவருவது? “யாருங்க அந்த லாகூரு?” என்றாள் என் வீட்டுக்காரி. “வக்கீல்” என்றேன். “ஆளக் காட்டவே மாட்டேங்கிறாங்க?” “பெரிய வக்கீல். அவ்வளவு சீக்கிரம் வர மாட்டாரு.” வீட்டைக் காலி செய்துகொண்டு ஜனங்கள் மூட்டை முடிச்சோடு அழுதபடி போகிற காட்சி வந்தபோது கூடமே கொதித்தது. “எல்லாம் அந்த வக்கீல் பண்ணுன வேல” என்றார் டெய்லர் மாமா.

ஒரே ஒரு நாள் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. 1987 டிசம்பர் 24 விடியக்காலை எம்.ஜி.ஆர். இறந்தார். இரட்டை இலை முதன்முதலில் ஜெயித்ததே 1973 இடைத்தேர்தலில் எங்கள் திண்டுக்கல் தொகுதியில்தான். அன்றைக்கும் மறுநாளும் எங்கள் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை, பெட்டியின் கதவையும்தான். தெருக்காரர்கள் மட்டுமில்லை, பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தவர்கள், யாரென்றே தெரியாதவர்கள் எல்லாம் உள்ளே வந்து நின்றார்கள். அப்பத்தா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். யாரோ ஒருவர் கதம்பமாலை ஒன்றை ஏரியல் வயர் வருகிற ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். கடற்கரையைக் காட்டியபோது படம் கொசுவாகப் போனது. நான் எழுந்தேன். “இருய்யா, அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார் முன்பின் தெரியாத ஒரு மனிதர், என் தோளை அழுத்தி. உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி தலைவர்கள் மறைந்தால் நாள்கணக்கில் சோக வாத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை படம் போய்விட்டதே என்று உள்ளுக்குள் வருந்தியதை வெளியில் தலைவருக்காக வருந்தியதாகவே எல்லாரும் காட்டிக்கொண்டோம்.

1993 சித்திரை ஒன்றாம் தேதி சன் டிவி வந்தது. கேபிள்காரப் பையன் ஒருவன் வந்து, வேப்பமரத்தில் வயரைப் போட்டு இழுத்து, ஜன்னல் வழியே உள்ளே விட்டான். திசை கேட்கவில்லை. மாடிக்குப் போகவில்லை. “வருதா?” என்றுகூடக் கேட்காமல் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான். படம் வந்துகொண்டிருந்தது. மொட்டைமாடிக்குப் போக எனக்கு ஒரு காரணம் தேடவேண்டிய காலம் ஆரம்பித்தது. ஏரியல் குழாயில் என் வீட்டுக்காரி கொடி கட்டித் துணி காயப்போட்டாள். மேலே மிச்சமிருந்த அலுமினியக் குச்சிகளில் பீர்க்கங்கொடி ஏறியது. நல்ல காய்ப்பு. அதற்கும் முழுப் பெருமை அவளுக்கே போனது.

பெட்டிக்குக் கதவும் போயிற்று, பூட்டும் போயிற்று. ரிமோட் என்று ஒன்று வந்தது. அதை அரைஞாணில் கட்டிக்கொள்ள முடியவில்லை. தமிழ் அலைவரிசைக்குப் பொதிகை என்று பெயர் வைத்தார்கள். 2024 ஜனவரி 19 அன்று அதை டிடி தமிழ் என்று மாற்றினார்கள். பெயர் மாறிய செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, “கேட்டியா, பொதிகை போயிருச்சு” என்று பெருமூச்சு விட்டேன். “கடைசியா எப்பப் பாத்தீங்க?” என்றாள். சில கேள்விகளுக்குப் பேப்பரை மடித்து வைப்பதுதான் பதில். ஆனால் அவள் விடவில்லை. “உங்களுக்கு அது மேல ஒண்ணும் பிரியம் இல்லங்க. அன்னைக்கு இந்த வீட்டுல உங்களுக்குன்னு ஒரு வேல இருந்துச்சு. அதத்தான் தேடுறீங்க” என்றாள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள், தலைகூட நிமிரவில்லை.

நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. தூர்தர்ஷனின் அந்தத் தொடக்க இசைக்கு எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது. ரவிசங்கர் அமைத்த இசை. திரையில் கண் ஒன்று சுழன்று சுழன்று வந்து நிற்கும். அந்தக் கண் நிற்கிற கணத்தில் கூடத்தில் குழந்தைகூட அழாது. ஒரு மகாராஜாவின் வருகைக்குக்கூட அவ்வளவு அமைதி கிடைத்திருக்காது. அந்த அமைதியை ஏற்பாடு செய்தவன் நான்தான் என்பதை இங்கே மறுபடி நினைவூட்ட விரும்பவில்லை.

பொதிகை பெயர் மாறுவதற்கு முன்பே, நான் தப்பித்துவிட்டதாகவே நினைத்திருந்த ஒரு விஷயம் 2020-இல் திரும்பி வந்தது. ஊரடங்கு அறிவித்தபோது கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகனும் மருமகளும் பேரனும் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். மார்ச் 28 முதல் தூர்தர்ஷனில் மறுபடி ராமாயணம். நான் துள்ளிவிட்டேன். குளித்து, திருநீறு பூசி, எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்தேன். ஏப்ரல் 16-ஆம் தேதி ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷனே அறிவித்தது. அந்தக் கோடிகளில் நாங்களும் அடக்கம். பேரன் முதல் நாளே, “தாத்தா, இந்தப் பாட்ட ஸ்கிப் பண்ண முடியாதா?” என்றான். ராமர் வில்லை எடுத்து அம்பைத் தொடுத்து, அது போய் எதிர் அம்பைச் சந்திக்கிற நேரத்தில் அவன் ஒரு தோசை தின்றுவிட்டு வந்தான். ஆனால் இருந்து பார்த்தான். அவன் பள்ளிக்கூடத்தில் இந்தி உண்டு என்பது எனக்கு நினைவில்லை.

“தாத்தா, ராமர் இப்ப என்ன சொன்னார்னு சொல்லுங்க” என்றான். “அப்பா சொன்னா சரிங்கிறாரு” என்றேன், பழைய தைரியத்தில். “கரெக்ட்தான். ஆனா அதோட இன்னும் நெறைய சொன்னாரே” என்று வரி வரியாகச் சொல்ல ஆரம்பித்தான். என் வீட்டுக்காரி அவரைக்காய் உரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ராமாயணம் என்பதால் அன்றைக்குச் சேதம் பெரிதாக இல்லை.

அந்த ஏப்ரலிலேயே புனியாத்தையும் மறுபடி போட்டார்கள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சானல் மாற்றுகிற போது அதுவாக வந்து மாட்டியது. “நிறுத்து, நிறுத்து. இது அந்தப் பாகப்பிரிவினைக் கதை” என்று என் வீட்டுக்காரி ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டாள். மருமகளைக் கூப்பிட்டு அண்ணன் தம்பித் தகராற்றை அடியிலிருந்து விளக்கினாள். டெய்லர் மாமாவையும் பால்காரரையும்கூடச் சேர்த்துக்கொண்டாள். அவள் சொல்லி முடிக்கும்வரை பேரன் பொறுமையாக இருந்தான், நல்ல வளர்ப்பு.

“அப்பத்தா, இது வீட்டுப் பார்ட்டிஷன் இல்ல. இந்தியா பாகிஸ்தான் பார்ட்டிஷன். இவங்கல்லாம் லாகூர்ல இருந்தவங்க. அங்கேர்ந்து கெளம்பி வர்றாங்க.”

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“லாகூருங்கிறது ஊரா?” என்றாள் என் வீட்டுக்காரி, என் பக்கம் முழுசாகத் திரும்பி. “வக்கீல்னீங்க?”

“வக்கீலும் அந்த ஊர்க்காரர்தான்” என்றேன்.